முந்திச் சொன்ன பாங்கு

கஞ்சிக் கோப்பை வாயருகே இருந்தபோது சூரியன் வெளியே வந்தது. பெரகல சந்திக்குச் சற்று மேலே, அப்புத்தளைக்கு ஏறும் பாதையோரத்தில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிவாசலின் முற்றத்தில், நோன்பு மாதத்து மாலை ஒன்றில் அது நடந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லியாகிவிட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, நோன்பைத் திறந்து, கஞ்சியிலும் இரண்டு மடக்கு உள்ளே போயிருந்தது. பத்து நாட்களாக மலையைவிட்டு அசையாமல் கிடந்த மூடுபனி மேற்குப் பக்கம் திடீரென்று விலகியது. மலை முகட்டுக்கு மேலே, இரண்டு விரற்கடை உயரத்தில், சூரியன் சிவப்பாக, முழுசாக உட்கார்ந்திருந்தது. அது மறைந்த பிறகுதான் நோன்பு திறக்கலாம் என்பது எங்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நாற்பது பேர் கையில் கோப்பையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பாங்கைச் சொன்னவர் என் மச்சான், என் அக்காவின், நாங்கள் சொல்கிற முறையில் ராத்தாவின், கணவர். ஐந்து வேளையும் பாங்கு சொல்லி, பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, விளக்கேற்றி வைக்கும் மோதினார். நான் சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்தேன். இருவரும் இந்திய அக்கரையிலிருந்து இலங்கைக்குப் பிழைக்க வந்தவர்கள். ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி வண்டி பிடிக்க வேண்டும். எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். தோட்டத்துச் சனங்களுக்கு அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் விற்பதுதான் சந்திக் கடைகளின் பிழைப்பு. மச்சானின் குரல் கீழே இருந்து மலைக்கு ஏறும். பிற்பகல் பாங்கு கேட்டதும், மேலே கொழுந்து பறிக்கிற பெண்கள், மோதினார் கூப்பிட்டாச்சு, இனி நிறுவைக்கு நேரமாச்சு என்று கூடையைச் சரி செய்துகொள்வார்களாம். தோட்டத்து மணியைவிட அவரைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எது கைநழுவிப் போனாலும், "இதுக்குள்ள ஏதோ வச்சிருக்கான்" என்பார். வெலிமடையிலிருந்து வரவேண்டிய காய்கறி வண்டி சேற்றில் புதைந்து நின்றாலும் அதைத்தான் சொல்வார். கூரை ஒழுகிப் பாய் நனைந்தாலும் அதே பேச்சுதான். அவருக்குப் பிறந்த முதல் பிள்ளை நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனபோதும், குரல் நடுங்க, அதையே சொன்னார். நான் விடமாட்டேன். வைத்தவன் சாவியையும் கையோடு கொடுத்திருக்கலாமே மச்சான் என்பேன். அவர் சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வார். மச்சான் முறை என்பதால் கேலிக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவர்மேல் ஒரு பொறாமை இருந்தது. நான் ஒரு மூட்டை அரிசியில் வண்டு விழுந்தாலே படைத்தவனோடு சண்டைக்குப் போகிற ஆள்.

அவருக்குக் கண் மங்குவதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு நாள் என் கடைக்கு வந்தவர், நான் நேரே எதிரில் நின்றுகொண்டிருக்க, "மச்சான் எங்க போயிட்டாரு?" என்று என்னிடமே கேட்டார். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை அழைத்துப் போனேன். இது புரை விழுந்த கண் இல்லை, கீறி எடுக்க. உள்ளே நரம்பு வற்றிக்கொண்டு வருகிறது, செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து வீட்டருகே இறங்கும்போது, மோதினார் வேலை போனால் பள்ளி வீடும் போய்விடும், உங்கள் ராத்தாவையும் பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று கேட்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

பள்ளியைச் சுற்றி நடப்பதற்கு அவருக்குக் கண் தேவைப்படவில்லை. தூணும் படியும் தொட்டியும் அவர் காலுக்குப் பழக்கம். கடிகாரம்தான் இடைஞ்சல். சுவரில் தொங்கிய அந்தக் கடிகாரத்தின் முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. அதைக் கழற்றிவிட்டால் முள்ளைத் தொட்டுப் பார்த்தே மணி சொல்லலாமே என்று யோசனை சொன்னவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, முக்காலியில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றியவனும் நான். பள்ளியை நடத்திவந்த மரைக்காரிடம், தூசி தட்டும்போது கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னவனும் நான்தான். வேறு வாங்கிப் போட வேண்டும் என்று சொன்னவர் அதோடு மறந்துவிட்டார். அன்று முதல் மச்சான் பன்னிரண்டாம் எண்ணில் விரலை வைத்து, வட்டத்தோடு மெல்லத் தடவிக்கொண்டே வந்து, முள் தட்டுப்பட்டதும் நிறுத்துவார். நிமிடம் பிசகாமல் பாங்கு சொன்னார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தடவிக்கொண்டு வருகிற விரல், முள்ளில் முட்டும்போது அதை ஒரு மயிரிழை முன்னே தள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. வழக்கமான நாட்களில் அது தெரியவும் இல்லை. வாரம் ஒருமுறை நான் சரக்கெடுக்க அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போய்வந்து, ரயில் நேரத்தை வைத்துப் பள்ளிக் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவேன். நாலைந்து நிமிட வித்தியாசத்தை, மலைக் குளிரில் கடிகாரம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டு நோன்பு மழைக்காலத்தில் வந்தது. மாதம் பிறந்து சில நாட்களில் அப்புத்தளைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது; ஸ்டேஷனுக்குப் போய்வந்து கடிகாரத்தைச் சரிசெய்ய எனக்கு வழியில்லை. அதே வேகத்தில் மூடுபனியும் இறங்கியது. நாலரை மணிக்கே விளக்கேற்ற வேண்டிய இருட்டு. சூரியன் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சந்தியில் இருந்த இன்னொரு கடிகாரம் மரைக்காரின் சட்டைப்பையில் இருந்தது. அதையும் அவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் வந்து, பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார்.

பத்தாம் நாள்தான் மூடுபனி விலகியது. சூரியன் முழுக்க மறையும்வரை யாரும் உட்காரவில்லை. மரைக்கார் தம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாங்கு சொன்னதிலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் உள்ளே போனார், கண்ணாடி இல்லாத கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மச்சானின் முகத்துக்கு நேரே கையை மெல்ல ஆட்டிப் பார்த்தார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா, மோதினாரே?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. போன ஹஜ்ஜுப் பெருநாள்ல இருந்து இல்ல."

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

நான் நான்கு முழ தூரத்தில், தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். என் மூச்சை வைத்தே நான் நிற்கிற இடம் அவருக்குத் தெரியும். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"படைச்சவனுக்குத் தெரியுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் கடை இருந்த கட்டடம் மரைக்காருடையது. பொய் சொன்னவன் என்று தெரிந்தால் அந்தச் சந்தியில் எனக்குப் பிழைப்பு இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு; அத்தனை கண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதில் பாதி என் பக்கம் திரும்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியது. அதைப் பார்த்தபடி நின்றேன். பயந்தேன் என்று இதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தொழுகை நடத்தும் லெப்பை முடிவு சொன்னார். தெரியாமல் செய்ததில் பாவமில்லை. ஆனால் நேரத்துக்கு முன்பு திறந்த நோன்பு, நோன்பாகாது. எந்த நாளில் எத்தனை நிமிடம் முந்தியது என்று யாருக்கும் தெரியாததால், பத்து நாளையும் சேர்த்துப் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஈடு செய்துவிட வேண்டும், மாலைத் தொழுகைகளையும் அப்படியே. நாங்கள் அதைக் களா என்போம். முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அவரை யாரும் ஏசவில்லை. மறுநாள் காலையில் கஞ்சிக்குத் தகர டப்பா கொண்டுவருகிற தோட்டத்துப் பெண் ஒருத்தி, விஷயம் கேள்விப்பட்டு, கவலையோடு வந்து நின்றாள். நோன்புக் கஞ்சி கொடுத்தால் பிள்ளைக்கு நோய் அண்டாது என்று தோட்டத்துச் சனங்களுக்கு நம்பிக்கை. முந்திக் கொடுத்த கஞ்சி பலிக்குமா என்று அவள் கேட்டாள். கஞ்சிக்கு நேரம் கிடையாதம்மா என்று மச்சான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மரைக்கார் நல்ல மனிதர். போகச் சொல்லவில்லை, பாங்கை மட்டும் வேறு ஆள் சொல்லட்டும் என்றார். வேறு ஆள் வந்தபோது அவருக்கும் குடும்பம் இருந்தது, வீடு வேண்டியிருந்தது. ராத்தாவும் பிள்ளைகளும் என் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்தார்கள். நாங்கள் பயந்தது நடந்துதான் தீர்ந்தது. என் மௌனத்தால் அவர்களுக்கு ஒரு கூரைகூட மிச்சமாகவில்லை. சாமான்களை ஒதுங்கவைத்துவிட்டு ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டது. "அவரு சொல்ல மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன். அது உன் வாயில இருக்கு தம்பி" என்றது. அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தாங்க இலகுவாக இருந்திருக்கும்.

ஊரில் இருந்தவர்கள் பெருநாள் கழித்துத் தங்கள் நோன்பை ஈடு செய்தார்கள். நானும் செய்தேன். மச்சானை வாட்டியது வேறொன்று. அந்தப் பத்து நாட்களில் சந்தி வழியாகப் போன வழிப்போக்கர்கள் சிலரும் எங்கள் முற்றத்தில் நோன்பு திறந்திருந்தார்கள். கஞ்சி குடித்து, துஆவில் சேர்ந்து பிரார்த்தித்து, வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய நோன்பு நிறைவேறவில்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவர்களுக்காக அவர் பிடித்துவிடவும் முடியாது. உயிரோடிருக்கிற ஒருவருடைய நோன்பை இன்னொருவர் சுமக்க மார்க்கத்தில் இடமில்லை. லெப்பையிடம் கேட்டார். நினைவில்லாத ஆட்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று லெப்பை தேற்றினார். எனக்கு நினைவிருக்கிறதே என்றார் மச்சான். ஒன்பது பேர். முகம் ஒன்றும் தெரியாது. ஒன்பது குரலும் தெரியும்.

அன்று தொடங்கிச் சந்தியில் நிற்க ஆரம்பித்தார். கொஸ்லாந்தைப் பாதையும் கொழும்புப் பாதையும் அப்புத்தளை ஏற்றமும் கூடுகிற இடம். கையில் ஒரு கம்பு, தோளில் கம்பளி. வண்டிச் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவார். வண்டிக்காரர்கள் நிற்பார்கள், ஏறுகிற மாட்டுக்கு அந்த இடத்தில் எப்படியும் மூச்சு வாங்க வேண்டும். அவர் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்பார். குரல் ஒத்துவந்தால் நடந்ததைச் சொல்லி, ஒரு நாள் நோன்பு பிடித்துவிடுங்கள், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஒத்துவராவிட்டால் அந்த ஆளிடம் ஒன்பது பேரின் அடையாளங்களைச் சொல்லி விசாரித்துவரச் சொல்வார். மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். எழுந்து மறுபடி போனார். நான் தடுத்தேன், சண்டை போட்டேன், ஒரு நாள் கம்பை ஒளித்தும் வைத்தேன். கம்பில்லாமல் போய் நின்றார். கடைக்குள் இருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும். எடை போடும்போதெல்லாம் அந்த முதுகு கண்ணில் படும். என் யோசனையால் நகர்ந்த முள்ளுக்கு அவர் நடுத்தெருவில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை நாளொன்றுக்கு நூறு தடவை பார்த்தேன். பார்த்துக்கொண்டே பருப்பு நிறுத்தேன்.

கண் போனதால்தான் குரல்கள் இப்படி நிற்கின்றன, பார்வை இருந்திருந்தால் ஒன்பது பேரையும் மறந்திருப்பேன் என்று ஒருநாள் சொன்னார். இதுக்குள்ள வச்சிருந்தது இதுதான் போல என்றார். கண் இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காதே மச்சான் என்றேன். கேலியாகச் சொல்ல நினைத்தது, குரல் உடைந்து வெளியே வந்தது. அவர் என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளில் எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவது ஆள் கிடைக்கவில்லை. மழையில் முழுக்க நனைந்து வந்த ஓர் இளம் குரல், மூன்று கோப்பை கஞ்சி குடித்தது, துஆவுக்கு எல்லோரையும்விட உரக்க ஆமீன் சொன்னது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒருவனுக்காக மேலும் ஐந்து ஆண்டுகள் நின்றார். அதற்குள் கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. கால் வீங்கிப்போய், கடைசியில் என் கடை வாசலில் ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தபடியே வண்டிச் சத்தத்துக்குக் கையைத் தூக்கினார்.

அவன் தானாகவே வந்தான். ஒரு முற்பகலில் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், இங்கே ஒரு மோதினார் இருப்பாரே என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். வந்தவன் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க என்னைத் தேடுறதா வெல்லவாயப் பக்கம் ரொம்ப நாளா சொல்றாங்க. வர வெக்கமா இருந்துச்சுங்க. அன்னிக்கு நான் நோன்பே இல்ல. முந்தின நாள்ல இருந்து சாப்பிடல. நோன்புன்னு சொன்னாத்தான் கஞ்சி குடுப்பீங்கன்னு நெனச்சு..."

ஐந்து ஆண்டு மழையும் வெயிலும், வீங்கிய காலும், இல்லாத ஒரு நோன்புக்காக. கஞ்சிக்கு நாங்கள் யாரையும் எதுவும் கேட்டதில்லையே தம்பி என்றார் மச்சான் முதலில். பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டே, "அவ்வளவு பசியோடவா இருந்தீங்க? அப்ப அந்தக் கொஞ்ச நேரத்தை உங்களுக்காகத்தான் முந்தி வச்சிருந்தான் போல" என்றார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணீரும் இருந்தது.

அவரை மாதிரி என்னால் அதை ஏற்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. ஒருவன் சில நிமிடம் முந்திப் பசியாற, நாற்பது பேருடைய நோன்பும் ஒரு குடும்பத்தின் வீடும் போக வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை. வண்டிக்காரன் போன பிறகு, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மச்சான், வாங்க, மரைக்காரிடம் போவோம், கண்ணாடியைக் கழற்றியது நான்தான் என்று சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன். தோட்டத்துப் பெண் ஒருத்தி மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டினாள். ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மச்சான் மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். ஏழு வருடத்தில் அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மழைக்காலம் அவருக்கு இல்லை. ராத்தா அவருக்குப் பின் மூன்று வருடம் இருந்தது.

இப்போது ரயில் பதுளைவரை போகிறது. எனக்கும் கண்ணில் புகை படிய ஆரம்பித்திருக்கிறது. அதற்குள் ஏதோ வைத்திருக்கிறான் என்று சொல்லிப் பார்க்கிறேன். என் வாயில் அது ஒட்டமாட்டேன் என்கிறது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றியது நான், பொய் சொன்னது நான், அவர்மேல் பழி விழும்போது பக்கத்தில் நின்று பார்த்ததும் நான் என்று சொல்லி முடித்தேன். மரைக்கார் போய்ப் பல வருடமாகிறது. பழைய லெப்பை அக்கரைக்குத் திரும்பிவிட்டார். அன்று முற்றத்தில் கோப்பையோடு நின்ற நாற்பது பேரில் ஒருவரும் அங்கே இல்லை.

"எந்தக் கடிகாரங்க?" என்று புதிய லெப்பை மரியாதையாகக் கேட்டார்.

அவர்களுக்கு விளங்கவைக்க வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் அப்போதே களா செய்திருப்பார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். ஒரு பையன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளைகள். அவர்கள் எனக்குத் தரக்கூடியது அதுதான்.

மறுநாள் சந்திக்குப் போய் நின்றேன். அந்த நாற்பது பேரில் உயிரோடிருக்கிற யாராவது இந்த வழியே போகக்கூடும். அன்றிலிருந்து தினமும் போகிறேன். மாட்டு வண்டிகள் குறைந்துவிட்டன. லாரிகள்தான் வருகின்றன, ஏற்றத்தில் அவற்றுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் கையைத் தூக்குகிறேன். ஏற்றிக்கொள்ளக் கேட்கிறேன் என்று நினைத்து, இடமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.